மழை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சிறு பிள்ளைகள் இருக்கும் சென்னை வீடுகளில் ஒரு பேச்சு வாரந்தோறும் நடக்கும். சனிக்கிழமை காலை, வானம் மூடிக் கிடக்கிறது. நான்கு வயதும் ஏழு வயதுமாக இரண்டு பேர் சோபாவிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து சோபாவுக்கும் தாவிக்கொண்டிருக்கிறார்கள். பூங்கா சேறாகிவிட்டது, மொட்டை மாடி வழுக்குகிறது. போனைக் கையில் கொடுத்தால் வீடு அடங்கும், கொடுக்க மனம் வரவில்லை. எங்கேயாவது போகலாம் என்கிறார் அம்மா. எங்கே என்கிறார் அப்பா. கொஞ்ச நேரம் பேசிவிட்டு மாலுக்குக் கிளம்புகிறார்கள். நனைந்து, நெரிசலில் மாட்டி, தேவைக்கு மேல் செலவழித்து, அழுதுகொண்டே தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டபடி திரும்புகிறார்கள்.

இடத்தை முதலில் முடிவு செய்வதால்தான் இப்படி ஆகிறது என்பது என் எண்ணம். இன்று பெய்வது எப்படிப்பட்ட மழை, போகும் வழி எப்படி இருக்கும், பிள்ளைக்கு என்ன வயது என்று பார்த்த பிறகுதான் இடத்துக்கு வரவேண்டும். அப்படிப் பார்த்தால் பல இடங்கள் தாமாகவே கழிந்துவிடும். மிஞ்சுகிற சில இடங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

மழையிலிருந்து தொடங்குவோம். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடுகிறது, நவம்பர்தான் உச்சம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே பெய்யும் மழை வேறு மாதிரி. பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையிலோ இரவிலோ இடியோடு வந்து போய்விடும். அந்த மாதங்களில் காலையில் கிளம்பி மூன்று மணிக்குள் வீடு திரும்பினால் பெரும்பாலும் நனையவே வேண்டாம். பருவமழைக் காலத்தில் கணக்கு தலைகீழ். கடலிலிருந்து வரும் மேகக் கூட்டங்கள் கரையோரத்தில் பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் வலுவாகப் பெய்யும். விடியற்காலையில் ஊரே மூழ்கிவிடும்போல அடித்த மழை பதினொரு மணிக்கு ஓய்ந்து, மதியம் வெயிலே எட்டிப் பார்ப்பதைச் சென்னைவாசிகள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே புயலோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ இல்லாத சாதாரண பருவமழை நாளில் காலையைவிட மதியத்துக்கு மேல் கிளம்புவது நல்லது. மதியம் வரை வீட்டில் தாக்குப்பிடிப்பதுதான் கஷ்டம்.

வானிலை அறிவிப்பையும் முழுதாகப் படிக்கவேண்டும். ‘இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை’ என்று கேட்டதும் பயமில்லை என்று கிளம்பிவிடுகிறோம். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.4 செ.மீ. வரை பெய்தாலும் அது மிதமான மழைதான். அந்த ஆறு சென்டிமீட்டரும் நாள் முழுக்கத் தூறினால் ஒன்றுமில்லை. ஒரே மணி நேரத்தில் கொட்டினால் தியாகராய நகர் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் 11.5 செ.மீ. வரை கனமழை, 20.4 செ.மீ. வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்கவேண்டும், சிவப்பு என்றால் காப்பு நடவடிக்கையில் இறங்கிவிடவேண்டும். குழந்தையோடு வெளியே போவதற்கு மஞ்சள்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் சென்னை ரேடார் படத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த ஓரிரு மணி நேரத்துக்குக் கடல் பக்கமிருந்து என்ன வருகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். இது வானிலை மையத்தின் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது.

மழை லீவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லவேண்டும். மாவட்ட ஆட்சியர் விடியற்காலையில் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பது, பிள்ளைகள் அன்று சாலையில் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். அந்த லீவைப் பயன்படுத்தி ஊர் சுற்றக் கிளம்புவது அதன் நோக்கத்தையே கெடுப்பது. இதைவிட மோசம், தண்ணீரை வேடிக்கை பார்க்கப் போவது. புயல் சின்னம் நெருங்கும்போது மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கைக்குழந்தைகளோடு அலை பார்க்க வருகிறார்கள். செம்பரம்பாக்கம் மதகு திறந்தாலோ ஏதாவது ஏரி கலங்கல் வழிந்தாலோ கரையோரம் குடும்பம் குடும்பமாகக் கூடிவிடுகிறார்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்ததும், அடையாறு ஊருக்குள் புகுந்ததும் நமக்கு மறந்திருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மழை நின்ற பிறகும் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே பெரியவர்கள் நிலை தடுமாறுவார்கள். மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதகைப் பார்க்கப் போவது குடும்பத்தோடு போகும் உலா ஆகாது. போகவே கூடாது.

அடுத்தது வழி. சென்னையில் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அருமையான இடத்தைவிட, நடந்தோ ஒரே வண்டியிலோ போகக்கூடிய சுமாரான இடம் மழை நாளில் மேல். அரங்கநாதன் சுரங்கப்பாதை, துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை என்று தண்ணீர் தேங்குவதற்கே பேர்போன இடங்கள் இருக்கின்றன. உங்கள் வழியில் அப்படி ஒன்று வருகிறதா என்று பாருங்கள். வேளச்சேரிக்காரர்கள் கனமழை அறிவிப்பு வந்ததுமே கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை 2024 அக்டோபரில் ஊரே பார்த்தது. தங்கள் பகுதியின் தண்ணீரை அவர்கள் அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நாமும் போகிற பகுதியைப் பற்றி அந்த அளவுக்காவது தெரிந்துகொண்டு கிளம்பவேண்டும்.

டூவீலர் வேண்டவே வேண்டாம். அப்பாவின் ரெயின்கோட்டுக்குள் ஒரு குழந்தை முன்னால், அம்மா பிடித்திருக்கும் குடைக்கு அடியில் இன்னொன்று பின்னால் என்ற காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. நனைந்த தார்ச்சாலையில் வெள்ளைக்கோடும் பாதாளச் சாக்கடை மூடியும் டயரை வழுக்கிவிடும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளம் தெரியாது. பின்னாலிருந்து பிடிக்கும் குடை காற்றில் மடங்கினால் வண்டியே சாயும். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும் ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. காய்ந்த சாலைக்கே அப்படி என்றால் மழைக்குச் சொல்லவேண்டியதில்லை. படுதா கட்டிய ஆட்டோ போதும். அதைவிட மெட்ரோ ரயில் எவ்வளவோ மேல்.

மெட்ரோவை வண்டியாக மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதுவே போகவேண்டிய இடம். சென்ட்ரலில் தரைக்கு அடியில் நீலத் தடத்தில் ஏறி விமான நிலையம் பக்கம் போகும் ரயிலில் சன்னலோரமாக நிறுத்திவிடுங்கள். சைதாப்பேட்டை வரை வெளியே இருட்டு, சுரங்கச் சுவர், அவ்வப்போது ஓடும் விளக்கு. சைதாப்பேட்டை தாண்டியதும் சொல்லுங்கள்: ‘இப்போ நம்ம தலைக்கு மேலே ஆறு ஓடுது.’ பிள்ளை நம்பாமல் மேலே பார்க்கும். உண்மையிலேயே அடையாற்றுக்குக் கீழேதான் அந்தச் சுரங்கம் போகிறது. கொஞ்ச நேரத்தில் ரயில் ஏறத் தொடங்கும், காது லேசாக அடைக்கும், வெளிச்சம் பளிச்சென்று உள்ளே வரும், கண்ணாடியில் மழை சாய்கோடாக அடிக்கும். சின்னமலை வந்துவிட்டது. அதற்குப் பிறகு கிண்டி, ஆலந்தூர், மீனம்பாக்கம் என்று மொட்டை மாடிகளுக்கும் தென்னை மரங்களுக்கும் மேலாக, நனையாமல் மழைக்கு நடுவிலேயே பயணம். கடைசி நிலையத்தில் இறங்கி, இட்லி டப்பாவைத் திறந்து சாப்பிட இடம் தேடவேண்டியிருக்கும். ரயிலுக்குள் சாப்பிட முடியாது, அதை முன்னாலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சேறில்லை, நெரிசல் குறைவு, செலவும் கட்டுப்படியாகும். இவ்வளவு நல்ல மழை நாள் உலா இந்த ஊரில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வயதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, பெற்றோருக்கே தெரியும். இரண்டு வயதுக்காரருக்குத் தூக்கமும் கழிவறையும்தான் முக்கியம், இடம் எதுவானாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நான்கிலிருந்து ஆறு வரை தொட்டுப் பார்க்கவேண்டும், ஏறவேண்டும், ஓடவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை ‘தொடாதே, தொடாதே’ என்று காட்டினால் அது அவர்களுக்குத் தண்டனை. ஏழு வயதுக்கு மேல் கதை பிடிக்கும். வீட்டில் வெவ்வேறு வயதில் இருவர் இருந்தால் சின்னவருக்குப் பொருந்துகிற இடத்தைத் தேர்ந்தெடுத்து, பெரியவருக்கு அங்கே ஒரு வேலை கொடுப்பதே நடைமுறையில் சரிவருகிறது.

இப்போது இடங்களுக்கு வருவோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது, இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் இரண்டாவது. பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக ஓட்டிச் செல்லப்பட்டதால் நம்மில் பலருக்கு அதன் மீது சலிப்பு. குறை அருங்காட்சியகத்தில் இல்லை, பார்த்த விதத்தில்தான். அது ஒரே கட்டடமும் இல்லை. சிற்பம், செப்புத் திருமேனி, விலங்கியல், ஓவியம் என்று வளாகம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திறந்த வெளியில்தான் போகவேண்டும். மழை நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் நனைந்து, களைத்து, எதையும் பார்க்காமல் திரும்புவீர்கள். ஒரே பகுதி போதும். சிறு பிள்ளைகள் என்றால் விலங்கியல் பகுதிக்குப் போய்த் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நிற்கவையுங்கள். அண்ணாந்து பார்த்து எங்கே வால், எங்கே தலை என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். யானையின் எலும்புக்கூட்டிடம் போனால் எந்தப் பிள்ளையும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தும்பிக்கை எங்கே? தும்பிக்கையில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசை என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பாருங்கள். வீட்டுக்கு வந்தும் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய பிள்ளைகளைச் செப்புத் திருமேனிப் பகுதியில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரிடம் கூட்டிப்போகலாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மழையில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற கொடுமையை இந்த ஒரு தகவல் தவிர்க்கும்.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், என்னைக் கேட்டால், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்த ஊரில் கிடைத்த பெரிய வரம். ஒன்பது மாடிக் கட்டடம். முதல் தளம் குழந்தைகளுக்கு. தாழ்வான அலமாரிகள், சிறிய நாற்காலிகள். தமிழிலும் ஆங்கிலத்திலும் படப் புத்தகங்கள் கையெட்டும் உயரத்தில் இருக்கின்றன. எடுக்கலாம், தரையில் உட்கார்ந்து புரட்டலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். யாரும் காசு கேட்பதில்லை, எப்போது கிளம்புவீர்கள் என்றும் கேட்பதில்லை. வெளியே மழை கொட்டும்போது உள்ளே பக்கம் புரளும் சத்தத்தோடு இரண்டு மணி நேரம் போவது தெரியாது. 2011இல் இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அன்றைய அரசு அறிவித்து, உயர் நீதிமன்றம் தடை விதித்ததால்தான் இது நூலகமாகவே நிற்கிறது. நீதிமன்றத்தை நாடியவர்களுக்கு இன்றைய பெற்றோர்கள் கடன்பட்டிருக்கிறோம். ஒரு எச்சரிக்கை: கோட்டூர்புரம் அடையாற்றங்கரை. 2015 வெள்ளத்தில் மோசமாக அடிபட்ட பகுதி அது. ஆற்றில் நீர்வரத்து அதிகம் என்று செய்தி வந்த நாளில் அந்தப் பக்கம் வேண்டாம்.

நூலகம் இருக்கும் அதே சாலையில் 1988 முதல் இயங்கும் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போங்கள். இருட்டுக்குப் பயப்படும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது சரிவராது. ஏழு வயதுக்காரர் மேகம் மூடிய நாளில் நட்சத்திரம் பார்த்துவிட்டு வருவார்.

தூறல் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் நாளுக்கு முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவைச் சொல்வேன். 1996இல் திறக்கப்பட்ட இடம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மழைக்கென்றே கட்டிய வீடுகள் அவை. தாழ்ந்த ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்குவதையும், நான்கு பக்கத்துக் கூரை மழையும் நடு முற்றத்தில் விழுந்து துளை வழியாக ஓடுவதையும் ஃபிளாட்டில் வளரும் பிள்ளை வேறெங்கே பார்க்கும்? திண்ணையில் உட்காரவைத்து, கையை நீட்டித் தாழ்வாரத்துத் தண்ணீரைப் பிடிக்கவிட்டால் போதும், வேறு நிகழ்ச்சியே தேவையில்லை. வீட்டுக்கு வீடு திறந்த வெளியில்தான் நடக்கவேண்டும் என்பதால் கனமழைக்கு ஆகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்றடிக்கும் நாளிலும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மால்களை நான் முற்றாக ஒதுக்கவில்லை. கழிவறை சுத்தமாக இருக்கும், தாத்தா பாட்டிக்கு மின்தூக்கி இருக்கும், வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தால் நனையாமல் நடக்கவாவது முடியும். ஆனால் மழை வார இறுதியில் ஊரே அங்கேதான் கூடுகிறது. இரைச்சலிலும் விளக்கு வெளிச்சத்திலும் சிறு பிள்ளைகள் சீக்கிரம் சிணுங்கத் தொடங்குகிறார்கள். விளையாட்டுப் பகுதியில் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் காசு. அடித்தள வாகன நிறுத்தத்தில் கனமழை நாளில் வண்டியை விடவே கூடாது. திரையரங்கின் சத்தம் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களின் காதுக்கு ஏற்றதில்லை. பழைய கோயில்களின் கல் மண்டபங்கள் மழைக்கு அருமை, ஆனால் நனைந்த கருங்கல் தரையில் ஓடும் பிள்ளை வழுக்கி விழும், பகல் நடை சாத்தும் நேரத்தையும் பார்க்கவேண்டும். மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் கீழடி அருங்காட்சியகமும் இருக்கின்றன; அவர்கள் மாலைத் தேடவேண்டிய அவசியமே இல்லை.

நனைவதைப் பற்றியும் பேசவேண்டும். மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். சளியைக் கொண்டுவருபவை வைரஸ்கள். அவை அதிகம் பரவுவது அடைத்த அறையில் பலர் நெருங்கி இருக்கும்போதுதான். அந்த வகையில் வாசலில் பத்து நிமிடம் குதித்த பிள்ளையைவிட, மாலின் பந்துக் குவியலுக்குள் புரண்ட பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் சொன்னதே முடிவு. மற்றவர்களை இடி மின்னல் இல்லாத நேரத்தில், சுத்தமான இடத்தில் நனையவிடலாம், உடனே துடைத்து உலர்ந்த துணி மாற்றிவிட்டால் சரி. கூடாதது தெருவில் தேங்கிய தண்ணீர். அதில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மின்கசிவு இருக்கலாம், திறந்த சாக்கடை இருக்கலாம். மின்கம்பி அறுந்து கிடப்பதைப் பார்த்தால் 94987 94987 என்ற மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கும், தண்ணீர் தேங்கியிருந்தால் மாநகராட்சியின் 1913க்கும் சொல்லிவிடுங்கள். டெங்கு கொசு பகலில் கடிப்பது என்பதால் எங்கே போனாலும் முழுக்கை, முழுக்கால் உடை. பையில் ஒரு துண்டும் மாற்று உடையும் இருக்கட்டும். மூடிய ஷூ ஒருமுறை நனைந்தால் நாள் முழுக்க ஈரம், பட்டை வைத்த செருப்பே நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. நான் சொன்ன நல்ல இடங்கள் பெரும்பாலும் நகரின் நடுவிலும் தெற்கிலும் இருக்கின்றன. மணலியிலோ, எர்ணாவூரிலோ, வியாசர்பாடியிலோ இருக்கும் தாய் மழை நாளில் இரண்டு பிள்ளைகளோடு கோட்டூர்புரம் வரை எப்படிப் போவாள்? பத்துக்குப் பத்து அறையில் ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குத்தான் வெளியே போவதற்கு ஓர் இடம் அதிகம் தேவை, அந்தப் பிள்ளைக்குத்தான் அது இல்லை. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். கிளை நூலகங்கள் இருக்கின்றன, மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன, சமுதாய நலக்கூடங்கள் இருக்கின்றன. மழைக் காலத்துச் சனி, ஞாயிறுகளில் இவற்றில் வார்டுக்கு ஒன்றைத் திறந்து வைத்து, தரையில் பாய் விரித்து, ஒரு பெட்டி படப் புத்தகமும் கொஞ்சம் களிமண்ணும் பார்த்துக்கொள்ள ஒருவரும் இருந்தால் போதும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை, மனம் வைத்தால் ஒரு பருவத்துக்குள் செய்துவிடலாம். உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது போங்கள், இந்தக் கோரிக்கையை எழுதிக் கவுன்சிலர் கையில் கொடுங்கள், அது தீர்மானமாகும் வரை அடுத்த கூட்டத்துக்கும் போங்கள்.